சிறுகுடல் பாக்டீரியாவும் இரத்தம் தரும் துப்பும்

நம் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் கோடிகோடியாக வாழ்கின்றன. ஆனால் சிறுகுடலின் மேற்பகுதியில் அவை மிகக் குறைவு. ஏன்? இரைப்பையின் அமிலம் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. தப்பியவற்றைக் குடலின் அலையியக்கம் கீழே தள்ளிவிடுகிறது. வைகையில் நீர் ஓடும்போது பாசி படர்வதில்லை. குட்டையாகத் தேங்கினால் சில நாட்களில் படர்ந்துவிடுகிறது அல்லவா? அதுபோலவே, அறுவை சிகிச்சையாலோ நாட்பட்ட நீரிழிவாலோ குடலின் இயக்கம் மந்தமானால், சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகக்கூடும். வயிற்று உப்புசம், பேதி, எடை குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

குடலுக்குள் நடப்பதை இரத்தப் பரிசோதனை காட்டுமா? ஓரளவு காட்டும். இரண்டு வைட்டமின்களைக் கவனிப்போம்.

வைட்டமின் பி12, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. வழியில் பெருகியுள்ள பாக்டீரியாக்கள் அதைத் தமக்கு எடுத்துக்கொள்கின்றன. எனவே இரத்தத்தில் பி12 குறைகிறது. அதே பாக்டீரியாக்களில் பல, ஃபோலேட் என்னும் வைட்டமினை உண்டாக்குகின்றன. அதைக் குடல் உறிஞ்சுவதால் இரத்தத்தில் ஃபோலேட் உயரலாம். ஒன்று தாழ்ந்து மற்றொன்று உயர்ந்திருந்தால் மருத்துவருக்கு ஐயம் எழுகிறது.

ஆனால் இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று. பி12 பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. இவற்றை மிகக் குறைவாக உண்பவர்களுக்கும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கும் அது குறையலாம். கீரையும் பயறும் நிறைய உண்பவருக்கு ஃபோலேட் கூடுதலாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனிதச் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12-ஐ உண்டாக்கவும் வல்லவை என்று அது காட்டியது. ஆக, கொள்ளையடிப்பவையும் உண்டு. உற்பத்தி செய்பவையும் உண்டு. பி12 சரியான அளவில் இருப்பதால் மட்டும் பாக்டீரியாப் பெருக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எனவே மருத்துவர்கள் மூச்சுச் சோதனையையும் நாடுகின்றனர். மனித உயிரணுக்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்தால், பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. வெளிப்படும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, மூச்சில் வெளியேறுகிறது. 90 நிமிடங்களுக்குள் அதன் அளவு பத்து இலட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால் பாக்டீரியாப் பெருக்கம் இருக்கலாம் எனக் கொள்கின்றனர்.

காரணத்தைத் தேடாமல் மருந்து உண்டால் என்ன ஆகும்? பி12 குறைந்தவருக்கு இரத்தசோகை வரலாம். அவர் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் உண்டால் சோகை சற்றுத் தணியும். ஆனால் நரம்புகள் தொடர்ந்து கெடும். கைகால் மரத்துப்போகும். நாள் கடந்தால் அந்தச் சேதம் முழுவதும் சீராகாமலும் போகலாம்.

சிந்திக்க: ஒருவருக்குப் பி12 குறைவு, ஃபோலேட் அதிகம். நீங்கள் மருத்துவரானால், மருந்து எழுதுமுன் அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?