நிலத்தடியின் இரு சான்றுகள்

ஆறுகள் சுமந்து வரும் மணலும் வண்டலும் கடலடியிலும் ஏரியடியிலும் அடுக்கடுக்காகப் படிந்து, நெடுங்காலத்தில் இறுகிப் பாறையாகின்றன. இவற்றைப் படிவுப் பாறைகள் என்பர். நன்னீரும் எண்ணெயும் இவ்வடுக்குகளில் தங்கியுள்ளன. ஆயின், எவ்வடுக்கு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அறிவது எவ்வாறு?

துளையிடுவோர் பாறையை உருளை வடிவில் வெட்டியெடுத்து ஆராய்வதுண்டு. அதற்குப் பொருளும் காலமும் மிகுதியாகச் செலவாகும். இளகிய மணலோ பொடிந்து நீரோடு போய்விடும். தேடிய அடுக்கே கைக்கு எட்டாமற் போகும்.

இக்குறையைப் போக்க வழி கண்டவர் பிரெஞ்சு நாட்டுச் சகோதரரான கான்ராட் ஷ்லம்பர்ஜரும் மார்செல் ஷ்லம்பர்ஜரும் ஆவர். 1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள், அல்சேசுப் பகுதியிலுள்ள பெஷல்பிரான் எண்ணெய் வயலில், அவர்தம் குழுவினர் மின்கம்பிகளைத் துளை ஒன்றினுள் இறக்கினர். மீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பாறையின் மின்தடையை அளந்து, தாளிற் குறித்தனர். அக்குறிகளை இணைத்த கோடு, கண் காணாத அடுக்குகளின் வரைபடமாயிற்று.

மணலின் பருக்கைகள் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதில்லை. அவற்றின் இடைவெளியிலுள்ள நீரே கடத்துகிறது. நன்னீர் நிறைந்த மணலில் மின்தடை மிகும். உவர்நீர் நிறைந்த மணலிற் குறையும். ஆனால், களிமண்ணிலும் மின்தடை குறைவே. எனவே, தடை குறைந்த அடுக்கு களிமண்ணோ, உவர்மணலோ என்னும் ஐயம் எழுகிறது.

இவ்வையத்தைத் தீர்க்கத் துணைபுரிவது கதிரியக்க அளவீடு. 1930களின் இறுதியில் இது வழக்கிற்கு வந்தது. பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஆகியவை களிமண்ணில் மிகுந்திருப்பதால், அதனின்று காமாக் கதிர்கள் மிகுதியாக வெளிப்படும். தூய மணலினின்று குறைவாகவே வெளிப்படும். மின்தடை குறைந்து கதிரும் குறைந்தால் உவர்மணல் எனவும், மின்தடை குறைந்து கதிர் மிகுந்தால் களிமண் எனவும் கொள்ளலாம். மேலும், காமாக் கதிர்கள் எஃகுக் குழாயையும் ஊடுருவ வல்லவை. ஆதலால், குழாய் இறக்கிய பழந்துளைகளையும் ஆராய இயலும்.

எனினும், இவ்விதிக்கும் விலக்கு உண்டு. பொட்டாசியம் செறிந்த கனிமங்கள் கலந்த மணல், களிமண்ணைப் போலவே மிகுந்த கதிர் வீசும். ஆகையால், அறிஞர் இரு கோடுகளையும் அருகருகே வைத்து, வெளிவந்த பாறைத் துகள்களோடும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுவர். குடிநீர்க் கிணற்றில் உவர்மணலை அடைக்காது விட்டால், நன்னீரும் கெட்டு ஊரார் அனைவரும் வருந்த நேரும். ஒரு சான்றை மட்டும் நம்பி விரைந்து முடிவு செய்யாமை அறிவியலின் அறமாகும்.