சானலும் சேனலும்

அன்புள்ள மக்களே,

ஆங்கில அகராதியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு நேரே ஏழெட்டுப் பொருள் கிடக்கிறதே, எதைப் படிக்க, எதை விட என்று கேட்டிருந்தாய். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் ஊரில் தலைமுறைகளாகப் புழங்கும் சொல்தான் அது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல் என்கிறோமே, அதேதான். தண்ணீருக்குச் சானல், டிவிக்குச் சேனல் என்று வேறுவேறாக உச்சரிப்பதால் இரண்டும் ஒன்று என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

பேச்சிப்பாறைத் தண்ணீரும் பெருஞ்சாணித் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து வயல்களுக்குப் போகின்றன. பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. அணை நிரம்பிக் கிடந்தாலும் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் கொண்டு சேர்ப்பது சானல்தான். ஒன்றைச் சிதறவிடாமல் உரிய இடத்துக்குக் கொண்டுபோகும் தடம்: இந்த அடிப்பொருளைப் பிடித்துக்கொள், மற்றவை பின்னாலேயே வரும்.

ஒரு நிலையத்தின் ஒளிபரப்பு இன்னொன்றோடு கலக்காமல் வர ஒதுக்கிய அலைவரிசை டிவி சேனல். அரசு ஊழியர் தம் விண்ணப்பத்தில் ‘த்ரூ ப்ராப்பர் சேனல்’ என்று எழுதினால், மேலதிகாரி வழியாக முறைப்படி அனுப்புகிறார் என்று அர்த்தம். வினைச்சொல்லாகவும் வரும்: பணத்தையோ உழைப்பையோ கோபத்தையோ ஒரு காரியத்தின் பக்கம் திருப்பிவிடுவது. இலங்கையில் தனியார் மருத்துவமனை டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்வதையே ‘சனல் பண்ணுவது’ என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது.

கடலுக்கு வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள இங்கிலீஷ் சேனல் யாரும் வெட்டியதல்ல. லட்சத்தீவுப் பக்கம் சுறா பிடிக்கப் போகும் நம் தூத்தூர் மீனவர்களைக் கேட்டால் ‘நைன் டிகிரி சேனல்’ பற்றிச் சொல்வார்கள். மினிக்காய்த் தீவுக்கு வடக்கே, ஒன்பதாம் அட்சக்கோட்டை ஒட்டி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் கப்பல் வழி அது.

மனிதர் வெட்டிய நீர்வழிக்கு ஆங்கிலத்தில் ‘கனால்’ என்று தனிச்சொல் உண்டு. 1860-களில் படகு விடுவதற்காக வெட்டிய நம் ஏ.வி.எம். கால்வாய் கனால்தான். இரண்டு சொல்லும் ‘கனாலிஸ்’ என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. ஆனால் நம் பொதுப்பணித் துறை பாசன வாய்க்காலைச் சானல் என்றே எழுதிப் பழகிவிட்டது. ஆகவே பரீட்சையில் தோவாளைக்குச் சேனல் என்று தாராளமாக எழுது. சூயசுக்கும் பனாமாவுக்கும் கனால் என்றுதான் எழுத வேண்டும்.

அன்புடன்,
மாமா