குடைக் கம்பியும் கருங்கல் மண்ணும்

செம்பூரில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருந்த கட்டடத்தின் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. அங்கே ஒரு கம்பம் நட வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டடச் சங்கத்தாரும் சம்மதித்துவிட்டார்கள்.

அது கொடிக் கம்பம் அல்ல. ரேடியோக் கம்பம்.

மண் வேலைக்கு ஒரு அம்மா வந்தார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இருபது வருடமாக மும்பையில் சித்தாள் வேலை. பகலில் மண் சுமப்பார். இரவில் பாடம் படிப்பார். முதலில் தமிழ் எழுத்துப் படித்தார். பிறகு மராத்தி எழுத்தும் படித்தார்.

“எத்தனை அடி தோண்டணும், ஐயா?” என்று கேட்டார்.

“இரண்டு விரல் ஆழம் போதும், அம்மா.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கவலையும் வந்தது. இரண்டு விரல் ஆழம் தோண்டினால் எத்தனை ரூபாய் கூலி கிடைக்கும்?

பெரியவர் அதைப் புரிந்துகொண்டார். “முழு நாள் கூலி உண்டு. இதற்குப் பிறகு ஒரு குழியும் தோண்ட வேண்டும். அது ஆழமான குழி” என்றார்.

ஹாம் என்றால் யார்?

“இது என்ன ரேடியோ? பாட்டுக் கேட்கிற ரேடியோவா?”

“இல்லை அம்மா. இதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம்.”

இப்படிப் பேசுகிறவர்களை ஹாம் என்று சொல்வார்கள். உலகம் முழுவதும் ஹாம்கள் இருக்கிறார்கள். இது அவர்களுக்குத் தொழில் அல்ல. ஆர்வத்தால் செய்கிறார்கள். இந்தியாவில் ஹாம் ஆக வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு தேர்வு உண்டு. பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். தேறியவருக்கு ஓர் அழைப்புக் குறி கொடுப்பார்கள். இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் ‘வி.யூ.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். அனுமதி இல்லாமல் பேசுவது குற்றம்.

“போன் இருக்கும்போது இது எதற்கு, ஐயா?”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “2005 ஜூலை 26 ஞாபகம் இருக்கிறதா?” என்றார்.

மும்பையில் யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது! அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில் நின்றது. மின்சாரம் நின்றது. பல இடங்களில் போனும் நின்றது. பெரியவரின் மகள் வேலைக்குப் போயிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து மறுநாள் காலையில்தான் வீடு வந்தாள். இரவு முழுவதும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

“நானும் அன்று மாகிமில் மாட்டிக்கொண்டேன். என் பிள்ளை பக்கத்து வீட்டில் தனியாக அழுதுகொண்டு இருந்தான்” என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகுதான் பெரியவர் ஹாம் தேர்வு எழுதினார். போனுக்குக் கோபுரம் வேண்டும், கேபிள் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஹாம் ரேடியோவுக்கு ஒரு கார் பேட்டரியும் ஒரு கம்பியும் போதும்.

2004 டிசம்பரில் டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி அந்தமானுக்குப் போயிருந்தார். போர்ட் பிளேரிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்காகக் குழுவோடு போனார். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தொலைபேசி செயலிழந்தது. அவரும் குழுவினரும் உடனே உதவி வேலையில் இறங்கினார்கள். தீவில் சிக்கியவர்களைப் பற்றிய செய்தி அவர்கள் ரேடியோ வழியாக வெளியே போனது.

கம்பத்துக்கு மறு பாதி

பெரியவரின் கம்பம் அலுமினியக் குழாய். உயரம் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி. ஏன் இந்த உயரம்? அவர் பேசும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் கால் பங்குதான் கம்பத்தின் உயரம்.

“கம்பம் நட்டால் வேலை முடிந்ததுதானே? மண்ணில் கம்பி எதற்கு?”

“ஒரு கை தட்டினால் ஓசை வருமா, அம்மா? கம்பம் ஒரு கை. மண் இன்னொரு கை.”

கம்பத்தில் ஏறும் மின்சாரம் மண் வழியாகத் திரும்பி வர வேண்டும். ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் அது எளிதாக வரும். காய்ந்த மண்ணிலும் பாறையிலும் அது தடுமாறும். அலையாகப் போக வேண்டிய சக்தி மண்ணைச் சூடாக்கி வீணாகும். அதனால் மின்சாரம் திரும்பி வர மண்ணில் பாதை போட வேண்டும். செம்புக் கம்பிதான் அந்தப் பாதை.

குடையை விரித்துத் தலைகீழாக வையுங்கள். காம்பு மேலே நிற்கும். கம்பிகள் அடியில் சுற்றிலும் விரிந்திருக்கும். ரேடியோக் கம்பத்தின் அடியிலும் கம்பிகளை அப்படித்தான் விரிக்க வேண்டும். இவற்றுக்கு ரேடியல் என்று பெயர். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல இருப்பதால் ஆரக் கம்பி என்றும் சொல்லலாம்.

எத்தனை கம்பி வேண்டும்? 1937-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் மூன்று பொறியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 113 கம்பிகள் வரை புதைத்து அளந்தார்கள். கம்பி கூடக் கூட வீணாகும் சக்தி குறைந்தது. பெரிய வானொலிக் கோபுரங்களைச் சுற்றி 120 கம்பிகள் போடும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. வீட்டுக் கம்பத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பெரியவர் 16 கம்பிகள் போட நினைத்தார். ஒவ்வொன்றும் 5 மீட்டர். மொத்தம் 80 மீட்டர்.

“நாலு கம்பி நீளமாகப் போட்டால் என்ன?”

“நல்ல கேள்வி. நாலு நீளக் கம்பியைவிடப் பதினாறு குட்டைக் கம்பி நல்லது. கம்பத்துக்குப் பக்கத்தில்தான் மண்ணில் அதிக மின்சாரம் ஓடும். அங்கே கம்பி நெருக்கமாக இருக்க வேண்டும்.”

கல்லாக இறுகிய மண்

அது மே மாதம். பெரியவர் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். ‘டங்’ என்று சத்தம் வந்தது. மண் பெயரவில்லை. கைதான் வலித்தது.

செம்பூர்ப் பக்கத்து நிலம் அப்படி. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய கருங்கல் மும்பையின் அடியில் இருக்கிறது. அது உதிர்ந்து வந்த கெட்டி மண்ணை மும்பைக்காரர்கள் முரூம் என்பார்கள். தாராவி நிலம் வேறு மாதிரி. அது பழைய சதுப்பு நிலம். மேலே கொட்டி நிரப்பிய மண். தோண்டினால் தண்ணீர் ஊறும்.

“எங்க பக்கம்னா கம்பியைக் காலாலேயே அமுக்கிடலாம். இந்த மண்ணை அடிச்சு ஜெயிக்க முடியாது ஐயா. ஊறப் போட்டுத்தான் ஜெயிக்கணும்” என்றார் அந்த அம்மா.

அவர் சுண்ணாம்புப் பொடியால் பதினாறு கோடுகள் போட்டார். கோட்டின் மேல் பழைய சாக்குகளை விரித்தார். மாலையில் சாக்கு நனையத் தண்ணீர் ஊற்றினார். இரவிலும் ஒரு முறை ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். சாக்கு ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. மண் மெல்ல ஊறியது.

மறுநாள் காலையில் மண்வெட்டியைக் கோட்டில் செங்குத்தாக இறக்கினார். இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறல் விழுந்தது. மண்ணை அள்ளவில்லை. கீறலுக்குள் கம்பியை அமுக்கினார். காலால் மிதித்து மூடினார்.

ஆழம் குறைவாக இருப்பது நல்லதுதான். ரேடியோ மின்சாரம் நிலத்தின் மேல் பகுதியில்தான் அதிகம் ஓடும். ஆழமாகப் புதைத்தால் பயன் கூடாது. தரையின் மேலேயே கம்பி கிடந்தாலும் வேலை செய்யும். ஆனால் நடப்பவர் கால் தடுக்கக் கூடாது. அதற்காகத்தான் மூடுகிறோம்.

நாலு இடத்தில் கருங்கல் தலை நீட்டியது. அங்கே கீறல் விழவில்லை. பெரியவர் கம்பியைக் கல்லின் மேலேயே படிய விட்டார். அதன் மேல் ஒரு கை சிமெண்டு வைத்துப் பூசினார். மற்ற இடங்களில் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்துக் குத்தினார்.

ஆரக் கம்பிகள் எல்லாம் பழைய வீட்டு வயர்தான். தாராவியில் பழைய சாமான் கடையில் எடை போட்டு வாங்கியது. மேலே பிளாஸ்டிக் உறை இருந்தால் உரிக்க வேண்டாம். உறையோடு போட்டாலும் வேலை செய்யும். உப்புக் காற்றிலும் மண்ணிலும் சீக்கிரம் அரிக்காது. நுனியை மட்டும் உரித்துக் கம்பத்தின் அடியில் உள்ள செம்புத் தகட்டில் முடுக்க வேண்டும். ரேடியோவிலிருந்து வரும் கேபிளின் நடுக் கம்பி கம்பத்தில் சேரும். வெளிப் பின்னல் அந்தத் தகட்டில் சேரும்.

ஒரு வரிசைச் செங்கல்

அடுத்த வேலை எர்த் குழி. ஆரக் கம்பி வேறு, எர்த் வேறு. ஆரக் கம்பி அலைக்காக. எர்த் நம் பாதுகாப்புக்காக. இதற்கு ஆழம் வேண்டும். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயைப் புதைத்துச் சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது நம் நாட்டு வழக்கம்.

சுவர் ஓரமாகக் குழி தோண்டத் தொடங்கினார்கள். ஒன்றரை அடி போனதும் சிவப்பாகத் தெரிந்தது. செங்கல். ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசையாக இருந்தது.

“பழைய சுவராக இருக்கும். கடப்பாரையால் பெயர்த்துவிடலாம்” என்றார் பெரியவர்.

“நில்லுங்க ஐயா!”

அந்த அம்மா கடப்பாரையைத் தள்ளி வைத்தார். சுவரில் படர்ந்திருந்த கொடியை விலக்கினார். அங்கே துருப்பிடித்த ஒரு தகரப் பலகை இருந்தது. அதில் மராத்தியில் ஒரு சொல். அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தோ... கா... தோகா. தோகான்னா ஆபத்து. சுவர்னா அடியிலே கடைக்கால் இருக்கும். இது வெறும் ஒரு வரிசை. கேபிளுக்கு மேலே மூடி வைச்ச கல்லு, ஐயா.”

பெரியவருக்கு உடம்பு நடுங்கியது. அவரும் மராத்தி படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் பலகையைத் தேடிப் பார்க்கவில்லை.

வேலையை நிறுத்தினார்கள். மின்சாரக் கம்பெனிக்குச் சொன்னார்கள். ஆள் வந்து பார்த்தார். செங்கல்லுக்கு அடியில் கட்டடத்துக்கே மின்சாரம் கொண்டுவரும் கேபிள் ஓடியது. கடப்பாரை அதில் இறங்கியிருந்தால் பிடித்திருந்தவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

குழியைக் கட்டடத்தின் மறுபக்கம் தோண்டினார்கள். அந்த அம்மாவும் இன்னொரு ஆளும் சேர்ந்து வேலை செய்தார்கள். மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் முழுக் கூலி. எர்த் குழாயையும் செம்புத் தகட்டையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்தார்கள். கட்டடத்தின் மின் எர்த்தோடும் எலெக்ட்ரீஷியன் அதைச் சேர்த்தார்.

ஊர்க் குரல்

மாலையில் பெரியவர் ரேடியோவைப் போட்டார். தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு குரல் தமிழில் பதில் சொன்னது. திருநெல்வேலியிலிருந்து ஒரு ஹாம்.

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க அம்மாகிட்டே நான் நல்லா இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க, ஐயா!”

பெரியவர் தலையசைத்தார். “அதற்குச் சட்டம் இடம் கொடுக்காது, அம்மா. மற்றவர் செய்தியைச் சாதாரண நாளில் நாங்கள் அனுப்பக் கூடாது. வெள்ளம், பூகம்பம் வந்தால்தான் அது முடியும். ஆனால் மழையைப் பற்றிக் கேட்கலாம்.”

கேட்டார். “மழை இன்னும் இல்லை. மலைப் பக்கம் மேகம் கூடியிருக்கிறது” என்று குரல் வந்தது.

“மேகம் கூடிருச்சாம்” என்றார் அந்த அம்மா. கையில் ஒட்டியிருந்த செம்பூர் மண்ணைத் துடைக்காமல், இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

நினைவில் வையுங்கள்

1. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பி மேல் படாத தூரத்தில் நட வேண்டும்.
2. தோண்டும் முன் அடியில் கேபிள், குழாய் உண்டா என்று கேட்டறிய வேண்டும்.
3. மண்ணுக்குள் வரிசைச் செங்கல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.
4. பேசும்போது கம்பத்தைத் தொடக் கூடாது. குழந்தைகள் அண்டாமல் வேலி போட வேண்டும்.
5. இடி மின்னல் வருவதற்கு முன்பே ரேடியோவிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. கம்பத்துக்கு மண் ஏன் தேவை?
2. கெட்டி மண்ணை அந்த அம்மா எப்படி இளக்கினார்?
3. ஆரக் கம்பிக்கும் எர்த்துக்கும் என்ன வேறுபாடு?
4. செங்கல்லைப் பார்த்ததும் அது சுவர் அல்ல என்று அந்த அம்மா எப்படிக் கண்டுபிடித்தார்?
5. உங்கள் தெருவில் உள்ள எச்சரிக்கைப் பலகைகளைப் படியுங்கள். அவற்றில் உள்ள சொற்களை நோட்டில் எழுதுங்கள்.