நண்டுக் கிலோவுக்கு முன்

அன்புள்ள தங்கச்சி,

மன்னாரில் கடலுணவுத் தொழிற்சாலையொன்றில் மனிதவள அலுவலராகச் சேர்ந்த முதலாண்டிலேயே செயலாற்றுகை மதிப்பீடு உன் கைக்கு வந்துவிட்டது. நண்டுச் சதை பிரிக்கும் பெண்களை, மணிக்கு எத்தனை கிலோ என்று பார்த்து வரிசைப்படுத்தியிருப்பதாக எழுதியிருந்தாய். அதில் கையொப்பமிட இன்னும் பொறு.

எண்ணிக்கை உழைப்பை மட்டுமே காட்டாது என்பதற்கு உங்கள் கரையிலேயே சான்று இருக்கிறது. தெற்கே மரிச்சுக்கட்டியில், 1905 முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. மறு ஆண்டே ஒரு கம்பனி அந்தக் கடலடிச் சிப்பிப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907இல் வரத்து 2 கோடி அளவுக்கு விழுந்தது. பிறகு பார்கள் வெறுமையாகின, கம்பனியும் கலைந்தது. குளித்தவர்களின் மூச்சு ஈராண்டில் கெட்டுவிடவில்லை. கெட்டது கடலடிப் பார். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்தவர் தாமதித்தாலும் குளித்தவரின் கூடைதான் குறையும்.

உன் மேசைகளுக்கும் இது பொருந்தும். சிறிய நண்டு வரும் நாளில் எந்தக் கையிலும் கிலோ ஏறாது.

அந்தக் காலத்துப் பங்கீட்டு முறைமேல் எனக்குத் தீராத மதிப்பு. வள்ளம் திரும்பியதும் 'கொட்டு' எனும் அடைப்புக்குள் குளித்தவர்களே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி தெரிவுசெய்வார், மிஞ்சியது அவர்களுக்கு. தம் பங்கு எதுவென்று முன்கூட்டித் தெரியாததால் சமமாகப் பிரிப்பதே அவர்களுக்கும் நல்லது. அளக்கப்பட்ட மனிதருக்கும் அந்த அளவையில் ஒரு பிடி இருந்தது. உன் மதிப்பீட்டுப் படிவத்தை அந்தப் பெண்கள் ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்களா?

தொழில் உளவியலாளர் ஜான் கேம்பெல் செயலையும் விளைவையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர். வேலை பற்றிய அறிவு, கைத்திறன், ஊக்கம் ஆகிய மூன்றும்தான் செயலைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கருத்து. எது குறைகிறது என்று தெரியாமல் போடும் புள்ளி யாருக்கும் உதவாது. அறிவு குறைந்தவளுக்குப் பயிற்சி வேண்டும், கை பழகாதவளுக்கு நாள் வேண்டும். மனம் விட்டுப்போனவளிடம், மேற்பார்வையாளர் அவளை எப்படி நடத்துகிறார் என்று கேட்கவேண்டும், அதுவும் அவர் இல்லாத இடத்தில்.

இனி நண்டின் பருமனையும், எந்தக் கூடை எந்த மேசைக்குப் போனது என்பதையும், சதையில் எஞ்சிய ஓட்டுத் துண்டையும் பதியச் சொல். அதற்குப் பிறகும் ஒருத்தியின் கிலோ குறைவாகவே இருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலையைப் பார். அறிக்கையை அதன் பின் எழுதலாம்.

அன்புடன்,
அக்கா