முத்துச்சிப்பி எவ்வளவு விரியும்? மன்னார் ஓட்டை வைத்து அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏன் சிப்பி?

அரிப்பு, சிலாவத்துறைக் கரையில் கிடைக்கும் முத்துச்சிப்பி ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் பெரியபார், சேவல்பார் என்னும் முத்துப்படுகைகளில் முத்துக்காக மூழ்கியெடுத்த சிப்பி இதுதான். அந்தப் பளபளப்பான அடுக்கு, சுமார் அரை மைக்ரோன் தடித்த அரகோனைட்டு என்னும் கனிமத் தகடுகளை அடுக்கி, இடையிடையே புரதம் பூசிய சுவர். தகட்டுக்குச் செங்குத்தாகப் படிகத்தின் சி அச்சு நிற்கிறது. சூடேறும்போது அரகோனைட்டு மிகுதியாக விரிவது அந்தத் திசையில்தான். இத்தனை ஒழுங்கான அடுக்குப் படிகம் காலடியில் கிடக்கும்போது, தொடங்குபவருக்கு வேறு பொருள் தேவையில்லை.

1. துண்டுகள்

ஓட்டின் வெளிப்புறம் கல்சைட்டு என்னும் வேறொரு கனிமம். அதன் விரிவு வேறு விதமானது. ஆகவே முகமூடி அணிந்து, நீரில் நனைத்து, அதை முழுதும் தேய்த்து நீக்குங்கள். உட்புறத்தையும் மட்டமாக்குங்கள். முத்துநிறத்தின் ஒரு பகுதி மேற்பரப்பு வரிப்பள்ளங்களால் வருவது. இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டர் 1814இல் மெழுகில் அச்செடுத்து அதைக் காட்டினார். அந்தப் பள்ளங்கள் போனாலும் உள் அடுக்கு போகாது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் மூன்று துண்டுகள் வேண்டும்.

2. உலர்த்தல்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே பிழையான விடை பெறுகிறார்கள். புரதத்தில் ஈரம் இருக்கிறது. சூடேறும்போது அது வெளியேறிச் சிப்பி சுருங்கும். 90 பாகை செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, சிலிக்காஜெல்லுடன் மூடி ஆறவிடுங்கள்.

3. அமைப்பு

1860களில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ காட்டிய வழி இது. இரண்டு தட்டையான கண்ணாடிகளுக்கு இடையே மூன்று துண்டுகளையும் கால்களாக நிறுத்துங்கள். ஒரு கால் மற்றவற்றைவிட மயிரிழை குட்டையாக இருந்தால், ஒளி படும்போது தலையீட்டால் நேர்வரிகள் தெரியும். 632.8 நானோமீற்றர் சிவப்பு லேசரை வில்லையால் விரித்து மேலிருந்து பாய்ச்சி, தெறிக்கும் ஒளியை வெள்ளைச் சுவரில் விழவையுங்கள். கற்றையை நேரே பார்க்கக் கூடாது.

4. சூடாக்கி எண்ணல்

30 பாகையிலிருந்து 80 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு குறியைக் கடக்கும் வரிகளை எண்ணுங்கள். ஒரு வரி கடந்தால் கண்ணாடிகளின் இடைவெளி அரை அலைநீளம், அதாவது 0.316 மைக்ரோன், கூடியிருக்கிறது. கனிம அரகோனைட்டின் சி அச்சில் ஒரு பாகைக்கு 10 லட்சத்தில் சுமார் 33 பங்கு விரிவு. அப்படியானால் ஐந்து வரிகளுக்குச் சற்று மேல் நகரும்.

பிறகு ஆறவிட்டு மறுபடி எண்ணுங்கள். வரிகள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், நீங்கள் அளந்தது விரிவை அல்ல, உலர்தலை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

5. மற்றத் திசை

வரிகளின் எண்ணிக்கையை 0.316ஆல் பெருக்கி, மைக்ரோனில் தடிப்பாலும் வெப்பநிலை உயர்வாலும் வகுத்தால் விரிகைத்திறன் கிடைக்கும். அதே ஓட்டை ஒரு மில்லிமீற்றர் உயரக் கீற்றுகளாக வெட்டி, விளிம்பில் நிறுத்தி மீண்டும் அளந்து பாருங்கள். அடுக்கின் போக்கில் கனிமத்தின் மதிப்புகள் ஒரு பாகைக்கு 10 லட்சத்தில் சுமார் 10 முதல் 17 பங்கு வரைதான். வரிகள் ஏறத்தாழ பாதியளவோ அதற்கும் குறைவாகவோ நகர்வதைச் சுவரிலேயே காணலாம்.