காட்டுப் பெலர்கோனியமும் அதன் தோட்டத்து வழித்தோன்றலும்

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை, ஐதர் அலி பிறந்த ஊரென்று வரலாற்று நூல்களிற் குறிக்கப்படுவதாகும். பெங்களூரில் லால்பாக் தோட்டத்தை 1760-ஆம் ஆண்டில் தொடங்கியவரும் அவரே. அயல்நாட்டுச் செடிகளை இப்பீடபூமிக்குப் பழக்கும் பணி அத்தோட்டத்தில் நெடுங்காலம் நடைபெற்றது. அவ்வாறு பிற நாட்டிலிருந்து வந்து நம் மண்ணில் இடம் தேடும் செடிகளுள் ஒன்று, ரோஜா மணம் வீசும் ஜெரானியம். பூதிகோட்டை விவசாயி ஒருவர், "இச்செடி என் நிலத்தில் வருமா?" என்று வினவினால், களப்பணியாளர் விலை நிலவரத்தைக் கொண்டு விடை கூற முற்படலாகாது. அச்செடியின் முன்னோர் எத்தகைய நிலத்தில், எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் உள்ளது. லின்னேயஸ் 1753-இல் இச்செடிகள் யாவற்றையும் ஜெரானியம் என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். 1789-இல் லெரித்தியே என்னும் பிரெஞ்சு அறிஞரின் ஆய்வின்படி பெலர்கோனியம் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. எனினும் தோட்டக்காரர்களும் வணிகர்களும் பழைய பெயரை விடவில்லை. நீண்ட அலகு போன்ற கனியைக் கண்டு கிரேக்க மொழியிலுள்ள பறவைப் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். ஒன்று கொக்கு, மற்றொன்று நாரை. நம் பேச்சுவழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றோடொன்று கலந்து வழங்குவதால், மொழிபெயர்ப்பவனுக்கு இவ்விடத்தில் இடர்ப்பாடு மிகுதி. ஆதலின் இக்கட்டுரையில் பெலர்கோனியம் என்ற பெயரையே ஆள்கிறோம். இதனினும் பெரிய குழப்பம் சந்தையில் உண்டு. பாமரோசா புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெயும் "கிழக்கிந்திய ஜெரானியம் எண்ணெய்" என்ற பெயரில் விற்கப்பட்டு வந்துள்ளது. அது புல், இது புதர்ச்செடி. பெயரை மட்டும் கேட்டு நாற்று வாங்குவோர் ஏமாறுதல் எளிது.

பெலர்கோனியம் பேரினத்தில் ஏறத்தாழ 280 இனங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை. நாம் இங்கு ஆராயும் இனம் பெலர்கோனியம் கேப்பிடேட்டம் எனப்படுவது. தென்னாப்பிரிக்கக் கடற்கரையை ஒட்டிய மணற்குன்றுகளிலும் தாழ்ந்த சரிவுகளிலும் இது தானாக வளர்கிறது. உயரம் கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. தண்டு மென்மையானது, அடிப்பகுதி சற்றே கட்டைத்தன்மை பெறும். கிளைகள் நிமிர்ந்து நிற்பதைவிட மணல்மீது சாய்ந்து பரவுவதே இயல்பு. பரவிய கிளைகள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மணலில் நீர் தேங்குவதில்லை என்பதையும், கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கிறது என்பதையும் வாசகர் மனத்திற் கொள்க.

இலைகள் சில மடல்களாகப் பிளவுபட்டு, சுருக்கங்களுடன், வெல்வெட்டுத் துணி போலத் தொடுவதற்கு மெதுவாக இருக்கும். இலையையும் இளந்தண்டையும் நுண்ணிய மயிர்கள் மூடியுள்ளன. அவற்றுட் சில வெறும் மயிர்கள். சில நுனியில் உருண்டைத் தலையுடைய சுரப்பு மயிர்கள். வாசனை எண்ணெய் இத்தலையின் மேற்றோலுக்கு அடியில் தங்கியிருக்கும். இலையைக் கசக்கினால் தோல் உடைந்து மணம் எழும். மணம் பூவில் இல்லை, இலையில் உள்ளது என்பதை மாணவர்கள் தம் விரலாலேயே அறியலாம். கைவில்லை ஒன்று இருந்தால் மயிர்களையும் காணலாம்.

மலர்கள் 8 முதல் 20 வரை நெருக்கமாகக் கூடித் தலை போன்ற கொத்தாக அமையும். கேப்பிடேட்டம் என்ற பெயரும் அதனால் வந்ததே. நிறம் வெளிர் இளஞ்சிவப்பு முதல் ஊதா கலந்த சிவப்பு வரை மாறும். ஐந்து இதழ்களுள் மேலிரண்டும் கீழ்மூன்றும் ஒத்திருப்பதில்லை. மேலிதழ்களில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடி, தேன் இருக்குமிடத்தைப் பூச்சிக்குக் காட்டுகின்றன. நீலகிரியில் இயற்கையாக வளரும் ஜெரானியம் நேபாளென்சே என்னும் சிறு செடியின் பூவில் ஐந்து இதழ்களும் ஒரே அளவினவாய் வட்டமாக அமைந்திருப்பதை ஒப்பிட்டுக் காண்க. அதில் பத்து மகரந்தத்தாள்களும் மகரந்தம் தரும். பெலர்கோனியத்தில் தாள்கள் பத்தாயினும் மகரந்தப்பை தாங்குவன ஏழு அல்லது அதற்கும் குறைவே.

இவ்விரு பேரினங்களையும் ஐயமறப் பிரிக்கும் அடையாளம் பூக்காம்பில் உள்ளது. பெலர்கோனியத்தில் தேன்குழல் ஒன்று பூவின் பின்புறமிருந்து இறங்கிக் காம்போடு ஒட்டிப்போயிருக்கும். அது முடியும் இடத்தில் காம்பின்மேல் சிறு புடைப்புத் தெரியும். பூவுக்குச் சற்றுக் கீழே சவரத்தகட்டினால் குறுக்கே வெட்டினால் குழலின் துளையைக் காணலாம். ஜெரானியத்தில் இத்துளை இராது. பள்ளித் தொட்டிகளில் வளரும் சாதாரணச் செம்பூச்செடி கொண்டே ஆசிரியர் இதைக் காட்டிவிடலாம், அதுவும் பெலர்கோனியமே.

மலரில் மகரந்தம் முதலில் முதிர்ந்து உதிரும். அதன் பின்னரே சூல்முடியின் ஐந்து கிளைகள் விரியும். இதனால் தன் மகரந்தம் தன்னையே சேர்தல் குறைகிறது. கனி முதிர்ந்ததும் அலகு போன்ற நடுத்தூணிலிருந்து ஐந்து பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு விதையும், மயிரடர்ந்த ஒரு வாலும் உண்டு. காய்ந்தால் வால் திருகிக்கொள்ளும். ஈரம் பட்டால் நிமிரும். இவ்வாறு திருகித் திருகி விதை மண்ணுள் இறங்குகிறது. நம் வயல்வரப்பில் வேட்டியிற் குத்தி ஏறும் ஊசிப்புல்லின் வாலும் இதே முறையில் இயங்குவதுதான்.

இனி, வயலில் பயிராகும் ரோஜா ஜெரானியத்துக்கு வருவோம். இதைப் பெலர்கோனியம் கிராவியோலன்ஸ் என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அப்பெயருடைய காட்டினம் வேறு. பயிராவது கலப்பினம். ரியூனியன் தீவில் விளையும் வகையை ஆராய்ந்தபோது, அது கேப்பிடேட்டத்துக்கும் ரேடென்ஸ் என்னும் மற்றொரு காட்டினத்துக்கும் பிறந்ததென்று தெளிவாயிற்று. ரேடென்ஸின் இலை சொரசொரப்பானது; ஆழமாகப் பிளந்து, ஒடுங்கிய துண்டுகளாய், ஓரம் கீழே சுருண்டிருக்கும். கலப்பினத்தின் இலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கேப்பிடேட்டத்தின் உடலணுவில் 66 குரோமோசோம்கள், ரேடென்ஸில் 88. பாதிப்பாதியாக 33-ம் 44-ம் சேர்ந்து கலப்பினத்தில் 77 ஆயின. ஒற்றைப்படையான இவ்வெண் இணைசேர வழியின்றி நிற்பதால் செடி மலடாயிற்று. பூக்கும், விதை தராது. ஆதலின் "ரோஜா ஜெரானிய விதை" என்று எவரேனும் பொட்டலம் விற்றால், அது எண்ணெய்க்குரிய இப்பயிரின் விதையன்று என்று தயங்காமல் கூறலாம்.

விதையில்லாப் பயிர் தண்டுத்துண்டினாலேயே பெருகும். நுனித்தண்டை 15 முதல் 20 செ.மீ. நீளத்திற்கு நறுக்கி, நிழலில் வேர்விடச் செய்து நடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஒருவரால் ஏற்காட்டுக்கு வந்த இச்செடி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பரவியதும் இம்முறையாலேயே. இதன் விளைவு ஒன்றைக் களப்பணியாளர் மறத்தலாகாது. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாற் பெருகிய வயல் முழுவதும் ஒரே செடிக்குச் சமம். ஒன்றைத் தாக்கும் வாடல் நோய் எல்லாவற்றையும் தாக்கவல்லது. வேர்முடிச்சுப் புழுவுள்ள நாற்றங்கால் மண்ணிலிருந்து நாற்றுகளோடு அப்புழுவும் புதிய வயலுக்குச் செல்லும். நோய் தாங்கும் தன்மையைச் சாதாரண இனக்கலப்பினால் இம்மலட்டுச் செடியிற் புகுத்தவும் இயலாது. அதற்கு மணற்குன்றிலுள்ள காட்டுப் பெற்றோரிடம் திரும்பவேண்டும். அல்லது திசு வளர்ப்பில் தோன்றும் மாறுதல்களிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும். 1959-இல் நிறுவப்பெற்று, இன்று சிமாப் என வழங்கும் மத்திய ஆய்வு நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் நிலையம் உண்டு.

பூதிகோட்டை 800 மீட்டருக்கு மேற்பட்ட பீடபூமியில் உள்ளது. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 70 முதல் 75 செ.மீ. வரை, அதில் பெரும்பங்கு செப்டம்பர், அக்டோபர் மாதங்களிற் பெய்கிறது. மழையளவு குறைவு என்பது இச்செடிக்குப் பெருங்குறையன்று, பாசனத்தால் ஈடுசெய்யலாம். வெப்பத்தோடு தேங்கும் நீரே இதற்குப் பகை. மணற்குன்றில் பிறந்த வேர் அதைத் தாங்குவதில்லை. ஆகவே ஏரிப்பாசனத்துக்குட்பட்ட களிமண் நஞ்சையை விலக்கி, வடிகாலுள்ள செம்மண் மேட்டுநிலத்தையே தேர்க. முதல் முயற்சி சில சென்ட் அளவில் இருக்கட்டும். ஒரு மழைக்காலம் கடந்தபின் எத்தனை செடி எஞ்சின என்று எண்ணிக் குறித்துக்கொள்க. பசுந்தழை ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் வடியும். ஆதலின் வடிகலம் அருகில் உள்ளதா என்பதையும் நடுவதற்கு முன்பே விசாரித்து, விவசாயிக்குச் சொல்லுதல் வேண்டும்.