கள்முட்டியிலும் பீப்பாவிலும் காலநிலை

பிரெஞ்சு நாட்டு முந்திரிகை இரசப் போத்தல் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஊர்ப் பெயருக்கு அருகில் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது போத்தலில் அடைத்த ஆண்டன்று. பழம் பறித்த ஆண்டு. நமது தென்னஞ் சாராயப் போத்தலில் அத்தகைய ஆண்டைக் காண்பது அரிது. சிலவற்றில் எத்தனை ஆண்டுகள் பீப்பாவில் கிடந்தது என்பதை மாத்திரம் குறித்திருப்பார்கள். இவ்வேறுபாடு வியாபாரிகளின் வழக்கத்தால் மட்டும் வந்ததென்று எண்ணிவிடலாகாது. குளிர் நாடுகளில் பழம் கொடியிலே தொங்கும்போதே பருவகாலம் அதன் சுவையைப் பெரும்பாலும் தீர்மானித்து விடுகின்றது. நமது நாட்டிலோ மரத்திலிருந்து இறக்கிய பின்னர்தான் வெப்பம் தன் வேலையை மும்முரமாகத் தொடங்குகின்றது. இதனை இவ்வாரம் சற்று விரிவாக நோக்குவோம். மது அருந்துவது பற்றிய புத்திமதியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதனை வேண்டிய மட்டும் வேறு சந்தர்ப்பங்களில் கேட்டிருப்பீர்கள்.

கொடியும் குளிரும்

முந்திரிகைக் கொடி (இந்தியத் தமிழர் திராட்சை என்பர்) குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், கோடையில் காய்த்து, கோடையின் முடிவில் கனியும். இதற்கு வேண்டியது குளிர்காலத்தில் மழையும், பழம் முற்றும் மாதங்களில் வரட்சியும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் இவ்வாறே அமைந்துள்ளன. விவிலியத்தில் முந்திரிகைத் தோட்டமும் பழம் மிதிக்கும் ஆலையும் அடிக்கடி வருவதற்குப் பலஸ்தீன நாட்டின் மழைக்காலமும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

பழம் முற்ற முற்ற அதிலுள்ள சீனி ஏறும், புளிப்பு இறங்கும். பின்னர் நொதிக்கும்போது அந்தச் சீனிதான் மதுசாரமாக மாறுகின்றது. வெயில் மிகுந்த ஆண்டில் சீனி விரைந்து ஏறுவதால் இரசம் கடுமையாகும். புளிப்பைத் தரும் மலிக் அமிலத்தைப் பழம் சூட்டிலே சுவாசித்துச் செலவழித்துவிடும். ஆகவே இரசம் கனமாக இருக்கும். ஆனால் நாவைச் சுண்டும் அந்தப் புத்துணர்ச்சி இராது. வெயில் குறைந்த ஆண்டிலோ பழம் பழுக்காது புளித்து நிற்கும். பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறிமாறி வந்தால் சீனியும் சேரும், புளிப்பும் தங்கும். நல்ல ஆண்டு என்று அவர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் இதனையே.

ஓராண்டின் வானிலை எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதற்கு ஓர் உதாரணம். 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் கந்தகப் புகையும் வானில் உயரே பரவிச் சூரிய ஒளியை மறைத்தன. மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை எனலாம். 1816இல் பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களில் அறுவடை மிகவும் பிந்தியது. பழுக்காத பழத்தில் பிழிந்த இரசம் வாயில் வைக்கக் கூடாததாயிருந்தது. நம் கடலுக்கு அப்பால் வெடித்த மலை அங்கே கிண்ணத்தைப் புளிக்கச் செய்துவிட்டது!

இன்று நிலைமை மறுபுறம் சாய்கின்றது. பிரான்சின் பேர்கண்டி மாகாணத்திலுள்ள போன் நகரில் 1354ஆம் ஆண்டு முதல் அறுவடைத் திகதிகள் பதிவாகியுள்ளன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு இது: 1987 வரை சராசரியாகச் செப்டெம்பர் 28ஆம் திகதியளவில் தொடங்கிய அறுவடை, 1988க்குப் பின்னர் சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் முப்பது ஆண்டில் மாறிற்று. பூமி வெப்பமாவதைக் கருவியால் அளக்கு முன்னரே தோட்டக்காரரின் கத்தரிக்கோல் உணர்ந்துகொண்டது போலும்.

அப்படியானால் குளிர்காலமே இல்லாத நம் நாட்டில் முந்திரிகை எவ்வாறு காய்க்கின்றது? யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பந்தலிட்டு வளர்ப்பதை வாசகர் பலர் கண்டிருப்பீர்கள். இங்கே கொடிக்கு உறக்கமில்லை; எப்போதும் பச்சையாகவே நிற்கும். ஆகவே கவ்வாத்துப் பண்ணி, அதாவது கிளையை வெட்டி, பூக்கும்படி அதனை வற்புறுத்த வேண்டும். இந்தியாவில் நாசிக் பகுதியார் ஏப்ரலில் ஒரு முறையும் ஒக்டோபரில் ஒரு முறையும் வெட்டுகிறார்கள். பழம் ஜனவரி முதல் மார்ச் வரையில் முற்றுகின்றது. மழைக்குத் தப்பி, இரவு குளிரும் மாதங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே பழத்தைக் கனிய வைக்கின்றனர். பருவம் தராததைக் கத்தி தருகின்றது. யாழ்ப்பாணத்து ரோசரியன் கன்னியர் மடத்தில் விற்கும் முந்திரிகை இரசம் இனிப்பானது. கறுவாவும் கராம்பும் மணப்பது. வெப்ப நாட்டுப் பழத்துக்கு அது பொருத்தமான கைப்பக்குவமே. இதைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது.

பாளையும் முட்டியும்

நமது சொந்த மதுவுக்கு வருவோம். தென்னை ஏறக்குறைய மாதத்துக்கொரு பாளை விடும் மரம். ஆகையால் தென்னங் கள்ளுக்கு அறுவடைக் காலம் என்று ஒன்றில்லை. சாராயப் போத்தலில் ஆண்டு அச்சிடப்படாமைக்கு முதற் காரணம் இதுவே. பனை அப்படியன்று. வடக்கிலே மார்கழியோடு வாடை மழை ஓய்ந்து, வரட்சி தொடங்கிய பின்னர்தான் அதன் பாளை சுரக்கும். கள்ளும், முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கும் கருப்பநீரும், அதைக் காய்ச்சி எடுக்கும் பனங்கட்டியும் அந்த மாதங்களின் பொருள்கள். வெள்ளவத்தைக் கடையில் குட்டான் பனங்கட்டி வாங்குபவர் ஒரு பருவகாலத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

தென்னம் பாளையைச் சீவி, தட்டி, முட்டி கட்டினால் அதில் வடியும் சாற்றில் சுமார் 15 வீதம் சீனி உண்டு. மதுவத்தை யாரும் சேர்க்க வேண்டியதில்லை. காற்றிலும் பாளையிலும் முன்னைய நாளின் முட்டியிலும் அது ஏற்கெனவே இருக்கின்றது. 30 பாகை வெப்பத்தில் மரத்தின் உச்சியிலேயே நொதித்தல் தொடங்கிவிடும். காலையில் இறக்கும் கள்ளிலே ஏற்கெனவே மதுசாரம் உண்டு. மாலையில் கடுக்கும். மறுநாள் தாண்டினால் காற்றிலுள்ள வேறு நுண்ணுயிர்கள் மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்கி, முழுவதையும் வினாகிரியாக்கிவிடும். ஸ்கொத்லாந்தில் விஸ்கி வடிப்பவர் வாற்கோதுமையை மாதக்கணக்கிற் களஞ்சியப்படுத்தலாம். வேண்டிய நாளில் ஊறவைத்து, மதுவத்தை அளந்து சேர்த்து, இரண்டு மூன்று நாள் காத்திருந்து வடிக்கலாம். கள்ளை அவ்வாறு வைத்திருக்க முடியாது. வடிசாலை தோட்டத்துக்கு அண்மையில் இருக்க வேண்டும். கள் வண்டி நேரத்துக்கு வந்தாக வேண்டும். நல்ல தென்னஞ் சாராயத்தில் உள்ள பழவாசனையும் இலேசான புளிப்பு மணமும் காட்டு மதுவங்களும் வெப்பமும் அந்தச் சில மணித்தியாலங்களில் செய்த வேலை.

மழை வந்தால்? தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் இறங்கி, செப்டெம்பர் வரை நீர்கொழும்பு முதல் களுத்துறைக்கு அப்பால் வரையுள்ள தென்னந் தோட்டங்களை நனைக்கின்றது. பின்னர் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. மழைநீர் முட்டியில் இறங்கினால் கள் நீர்த்துப்போகும்; நீர்த்த கள்ளில் சாராயம் குறைவாகவே தேறும். நீண்ட வரட்சியிலோ பாளையே வற்றும். ஆனால் மழையின் பெரிய பாதிப்பு கள்ளுக்கன்று, மனிதனுக்கே. வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறித் தெற்கே செல்லும் வாசகர், வாதுவையைக் கடக்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். மரத்துக்கு மரம் இரண்டு தும்புக் கயிறுகள் ஓடும். ஒன்று கால் வைப்பதற்கு, மற்றது கையாற் பிடிப்பதற்கு. ஒவ்வொரு மரமாக இறங்கி ஏற நேரமில்லாததால் சீவல் தொழிலாளி அந்தக் கயிற்றிலே நடந்து அடுத்த மரத்துக்குப் போகிறார். நனைந்த கயிறு வழுக்கும். காற்று மரத்தை ஆட்டும். அதற்காக ஒரு நாள் ஏறாமல் விட்டால் பாளையின் வெட்டுவாய் காய்ந்து சுரப்புக் குறையும். மழையென்று ஓய்வெடுப்பதும் நட்டம், ஏறுவதும் ஆபத்து. இத்தொழிலுக்கு இளைஞர் வருவது குறைந்துவிட்டதென்று தோட்டக்காரர் கவலைப்படுகின்றனர். வியப்பதற்கு என்ன இருக்கிறது!

கடையில் வாங்குபவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சாராயம் என்ற பெயரோடு வருவதெல்லாம் பாளையிலிருந்து வந்ததன்று. சீனி ஆலையில் எஞ்சும் பாகிலிருந்து எடுத்த மதுசாரத்தைத் தென்னஞ் சாராயத்தோடு கலந்தவையும் உண்டு. அந்த மதுசாரத்துக்கு மழையும் தெரியாது, மரமும் தெரியாது, சுவையும் அவ்வளவுதான்.

சம்மனசுகளின் பங்கு

வடித்த சாராயம் கண்ணாடி போல் நிறமற்றதாய், முரடாய் இருக்கும். அதனை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். தமிழில் சாவண்டலை என்றும், ஆங்கிலேயரால் திருகோணமலை மரம் என்றும் அழைக்கப்பட்டது இம்மரமே. வெப்பம் ஏறுகையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் ஊறும். இறங்குகையில் மரத்தின் சாரத்தோடு திரும்பும். காற்றும் மெல்ல நுழைந்து முரட்டுத்தனத்தைத் தணிக்கும். வெப்ப நாட்டில் இவை யாவும் விரைவாக நடக்கின்றன.

ஆனால் அதற்கு விலை உண்டு. மரத்தின் நுண்துளைகளால் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். மேல்நாட்டார் இதனைச் சம்மனசுகளின் பங்கு என்பார்கள். ஸ்கொத்லாந்தில் இது ஆண்டுக்கு 2 வீதமளவில். பெங்களூரில் 10 வீதத்துக்கு மேல். கணக்கிட்டுப் பாருங்கள். 100 லீற்றர் வைத்தால் 12 ஆண்டுகளின் பின் ஸ்கொத்லாந்தில் சுமார் 78 லீற்றர் மிஞ்சும். ஆண்டுக்கு 10 வீதம் போகுமிடத்தில் 28 லீற்றரே மிஞ்சும். பெங்களூரின் அம்ருத் நிறுவனம் 2013இல் எட்டாண்டு பழமையான ஒரு விஸ்கிக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைச் சம்மனசுகள், என்று பெயரிட்டது. நமது காவற் சம்மனசுகளுக்கு இப்பழி தகாது. ஆனால் கணக்கு சரியே.

இங்கு ஈரப்பதனையும் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் நீர் எளிதில் ஆவியாகாது, மதுசாரம் முந்திக்கொள்ளும், ஆகவே பீப்பாவின் கடுமை ஆண்டுதோறும் இறங்கும். அமெரிக்காவின் கென்டக்கியில், கோடைச் சூடு தேங்கும் பண்டகசாலைகளின் மேல் மாடிகளில் நேர்மாறாக நீர் முந்தி வெளியேறிக் கடுமை ஏறுவதுண்டு. கொழும்பின் கடற்காற்று எந்த வகை என்பதை உப்புப் போத்தலைத் திறக்கும் இல்லத்தரசிகளே அறிவர். தொட்டி பெரிதாயிருப்பது இங்கு ஒரு பாதுகாப்பு. பெரிய தொட்டியில் ஒவ்வொரு லீற்றருக்கும் மரத்தோடு படும் பரப்புக் குறைவு; இழப்பும் குறைவு, மரச்சுவை அளவு மீறுவதும் குறைவு.

வெப்பம் எப்போதும் பகையென்று கொள்ள வேண்டாம். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் மதெய்ரா தீவின் முந்திரிகை இரசத்தைக் கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்களில் ஏற்றினார்கள். பூமத்திய ரேகையைக் கடந்து, கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்கில் வெந்து திரும்பிய பீப்பாக்களைத் திறந்தபோது, ஊரிலிருந்ததைவிட அவை சுவையாயிருந்தன! பின்னர் கப்பலை விட்டுத் தீவிலேயே அறைகளைச் சூடாக்கியும், வெயில் படும் மேல்மாடியில் பீப்பாவை வைத்தும் அதே சுவையை உண்டாக்கப் பழகினர். அந்த இரசத்தில் வடித்த மதுசாரமும் சேர்க்கப்பட்டிருந்ததால் அது வெப்பத்தைத் தாங்கிற்று. சாதாரண இரசம் தாங்காது.

பூசைக்குரிய இரசம்

இதே வெப்பம் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நமது கோவில் அலுமாரிக்குள்ளும் வேலை செய்கின்றது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 924ஆம் இலக்கத்தில், பூசைக்குரிய இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்து இயற்கையாகப் பெற்றதாயும் கெட்டுப்போகாததாயும் இருக்க வேண்டுமென விதிக்கின்றது. புளிக்கத் தொடங்கிய இரசத்தைப் பாவிப்பது தகாது. முற்றாக வினாகிரியாகிவிட்டதென்றால் அது இரசமே அல்ல. அதைக்கொண்டு நிறைவேற்றும் பலி செல்லாது. முன்னர் சொன்ன கறுவா, கராம்பு சேர்ந்த இரசம் விருந்துக்கு நல்லது, பலிபீடத்துக்கு ஏற்றதன்று. கெடாதிருக்கும் பொருட்டு, முந்திரிகையிலிருந்தே வடித்த மதுசாரத்தைச் சிறிதளவு சேர்க்க 19ஆம் நூற்றாண்டிலேயே நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. கரும்பு மதுசாரத்துக்கு அந்த அனுமதி இல்லை.

குளிர் நாட்டுக் கோவிலில் திறந்த போத்தல் பல நாள் நிற்கும். இங்கே அதை நம்பக் கூடாது. வெப்பம் 10 பாகை ஏறினால் இரசாயன மாற்றங்கள் அண்ணளவாக இருமடங்கு விரைவாகும் என்பது பாடசாலைப் பாடம். கிருமிக்குக் காற்றும் வேண்டும். அரைப் போத்தல் இரசம் என்றால் அரைப் போத்தல் காற்று. ஆகவே பெரிய போத்தலைத் திறந்த அன்றே, கொதிநீரில் கழுவி நன்றாக உலர்த்திய சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது. ஜன்னலோரத்து அலுமாரியும் மெழுகுதிரி எரியும் இடமும் ஆகா. மார்ச், ஏப்ரல் வெக்கையில், அதாவது தபசு காலத்திலும் பாஸ்கு நாட்களிலும், இன்னும் கவனம் வேண்டும். கோவிலைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு பூசைக்கும் முன்னர் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் சிறிதேனும் வந்தால் புதுப் போத்தலைத் திறவுங்கள். பழையதைக் கொட்ட வேண்டியதில்லை. குசினியில் கொடுத்தால் ஊறுகாய்க்கு உதவும்.